மஞ்சள் நோட்டீஸும் முகூர்த்தப் பத்திரிகையும்: பழைய கடன், பழைய வழக்கு உள்ளவர்கள் திருமணக் காப்பீடு எடுக்க முழுமையான வழிகாட்டி

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆறு கேள்விகள் இருந்தன. முகவர் ஆறுக்கும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் பென்சிலால் சின்னதாகக் குறி போட்டுவைத்து, “கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் அண்ணா, மிச்சத்தை ஆபீசில் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நான்காம் கேள்வி, முன்மொழிபவர் (பாலிசி கேட்டு விண்ணப்பிப்பவர்) மீது எப்போதாவது குற்ற வழக்கு நடந்திருக்கிறதா என்பது. நடந்திருக்கிறது; ஒன்றுக்கு இரண்டாக.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்கு அது நல்லது, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் பட்டறைகளை நம்பி ஜாப் ஒர்க் ஓட்டிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் கொடுத்துவைத்திருந்த செக்குகள் வரிசையாக வங்கியிலிருந்து திரும்பின. இரண்டு செக் வழக்கு, பாதிக்குப் பாதி பேசி முடித்த ஒரு வங்கிக் கடன், ஐந்து வருட வாய்தா. மகள் கல்யாணத்துக்குப் பாலிசி எடுக்கப் போன அன்றைக்கு இத்தனையும் என்னோடு வந்து அந்த மேசையின் எதிரில் உட்கார்ந்துகொண்டன.

முகவரிடம் ரப்பர் கேட்டு வாங்கிப் பென்சில் குறிகளை அழித்தேன். அவருக்கு வருத்தம்தான்.

நம் கொங்குப் பக்கத்தில் இது என் ஒருவன் கதை இல்லை. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது பணம் போட்டவர்கள் அழுதார்கள். அவர்களிடம் பணம் வசூலித்துத் திட்டத்தில் கட்டிய உள்ளூர் ஆட்கள் போலீஸ் நிலையப் படி ஏறினார்கள். சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களையும், ஏலச்சீட்டு நடத்தி நடுவில் நின்றுபோனவர்களையும், சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களையும் கணக்கெடுத்தால் ஒரு மண்டபம் நிறையும். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்து, இப்போது கல்யாண வயதில் நிற்கிறார்கள்.

அவர்களுக்காக எழுதுகிறேன். நான் பார்த்தவரை, பழைய கறையைக் காரணம் காட்டிப் பாலிசி தர மறுப்பது அபூர்வம். பல இடங்களில் கேட்கக்கூட மாட்டார்கள், விற்றுவிடுவார்கள். இழப்பீடு கேட்டுப் போகிற நாளில்தான் யாரோ ஒருவர் அந்தப் படிவத்தை எடுத்து வரிக்கு வரி படிப்பார். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த நாளை மனதில் வைத்து எழுதியது.

படி 1: தேவைதானா என்று பாருங்கள்

திருமணக் காப்பீடு என்பது ஒரு நிகழ்ச்சிக் காப்பீடு. பொதுவாக நான்கு பகுதிகள் இருக்கும். திருமணம் ரத்தாவது அல்லது தள்ளிப்போவது; பந்தல், அலங்காரம், நகை போன்ற பொருள்களுக்குத் தீ, புயல், திருட்டால் வரும் சேதம்; விருந்தினருக்கோ மண்டபத்துக்கோ நம்மால் ஏற்படும் பாதிப்புக்கான பொறுப்பு; பெயர் குறிப்பிட்டவர்களுக்கு விபத்துக் காப்பீடு. எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. எதை எடுக்கிறோமோ அதற்குத்தான் பிரீமியம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்குக் கிடைத்த வரி விலக்கு இதற்குக் கிடையாது.

எதற்குக் கிடைக்காது என்பதை முதலில் படியுங்கள். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சண்டை வந்து கல்யாணம் நின்றால் காசு வராது. மாப்பிள்ளையோ பெண்ணோ மனம் மாறினாலும் வராது. கவனிக்காமல் போட்டுவிட்டுப் போன பொருள் தொலைந்தால் வராது. நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது: காப்பீடு எடுத்தவரின் சொந்தச் சட்டவிரோதச் செயலால் வரும் நஷ்டத்துக்கும் வராது. பழைய வாரண்டில் போலீஸ் வந்து மணமேடையிலிருந்து அழைத்துப் போனால், அதை எந்தப் பாலிசியும் விபத்து என்று ஏற்காது.

இன்னொன்று நம் வழக்கத்தோடு மோதுவது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு, முகூர்த்தம் தள்ளிப்போகும். பாலிசியில் இருப்பதோ மணமக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்ற சின்ன வட்டம். பெரியப்பா போய்விட்டார் என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்தால் காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை அது உங்கள் விருப்பம். அமுச்சியின் (பாட்டியின்) பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சேர்த்தாலும், ஏற்கனவே படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பொருந்தாது என்று ஒரு வரி இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், சொந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் சிக்கனமாக நடக்கும் கல்யாணத்துக்கு இது வேண்டாம். பெரிய மண்டபம், திறந்த வெளிப் பந்தல், லட்சங்களில் முன்பணம், சித்திரை வைகாசியில் முகூர்த்தம் என்றால் எடுங்கள். கோடை மழையோடு வரும் சூறைக்காற்று கோபி, சத்தியமங்கலம் பக்கம் வாழைத்தோப்பையே ஒரு மாலையில் படுக்கவைத்துவிடும். அதன் முன் பந்தல் எம்மாத்திரம்.

படி 2: உங்கள் பழைய கணக்கை நீங்களே பிரியுங்கள்

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். “எனக்குப் பழைய பிரச்சினை இருக்கிறது” என்று பொத்தாம்பொதுவாகப் பயப்படுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பிரச்சினையின் சட்டப் பெயரே தெரியாது.

கடன் முதலில். கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை போகும். உங்களுடையது 520 என்றால் வங்கிக்காரர் முகம் சுளிப்பார். திருமணக் காப்பீட்டுக்கு அந்த எண் தேவையே இல்லை. நீங்கள் கடன் கேட்கவில்லை, முன்கூட்டியே பணம் கட்டுகிறீர்கள். பேசி முடித்த கடன் ‘செட்டில்டு’ என்று அறிக்கையில் நிற்பதும் அப்படியே. கல்யாணத்துக்குக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

ஐ.பி. (நீதிமன்றத்தில் திவால் மனு) கொடுத்தவர்கள், அதாவது மஞ்சள் நோட்டீஸ் விட்டவர்கள், கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் மாவட்டங்களில் தனிநபர் திவால் மனுக்கள் இன்னும் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தின் கீழ்தான் நடக்கின்றன. திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு, விடுவிப்பு உத்தரவு இன்னும் வாங்காதவர் என்றால், இடையில் கைக்கு வரும் சொத்தின் மேல் அவர் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவருக்கு உரிமை உண்டு. நாளைக்கு வரும் இழப்பீட்டுத் தொகையும் அதில் சேரலாம். இதே சட்டத்தில் ஒரு விசித்திரமான பிரிவும் உண்டு: விடுவிக்கப்படாத திவாலானவர் அந்த விவரத்தைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகப் பெற்றால் ஆறு மாதம் வரை சிறை. 50 ரூபாய்! சமையல் காண்ட்ராக்டரிடம் “கல்யாணம் முடிந்து தருகிறேன்” என்று சொல்வதுகூட அதில் விழும். மனு கொடுத்ததோடு விட்டுவிட்டு, அது தள்ளுபடியானதா, திவால் அறிவிப்பு வந்ததா, விடுவிப்பு ஆனதா என்று பார்க்காமலே இருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். என் பங்காளி ஒருவர் தன் மனு தள்ளுபடியான விஷயத்தை ஏழு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டார். உங்கள் வக்கீலைப் பிடித்து நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வழக்குகள். செக் திரும்பிய வழக்கைப் பலர் ‘கொடுக்கல் வாங்கல் தகராறு’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு ஒரு குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே ‘குற்ற வழக்கு உண்டா’ என்ற கேள்விக்கு இதை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. அதே நேரம் இது ராசியாகக்கூடிய வழக்கு. மேல்முறையீட்டில் ராசியானாலும் அது விடுதலைக்குச் சமம். எனக்கு ஒன்று மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. இன்னொன்றில் தண்டனையே விழுந்து, மேல்முறையீட்டில் பணத்தைக் கட்டி முடித்தேன்.

காப்பீட்டுக்காரர் உண்மையில் பயப்படுவது சில வகைகளுக்குத்தான்: மோசடி, போலி ஆவணம், திருட்டு, தீவைப்பு, முன்பு பொய்யாக இழப்பீடு கேட்டது. ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடி வழக்கு அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. மறைப்பது மட்டும் எந்த வகையானாலும் பெரிய விஷயம்.

லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டான். அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குறிப்பிட்ட காலம் கடந்த தண்டனைகள் ‘தீர்ந்தவை’. காப்பீட்டுப் படிவத்தில் சொல்ல வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும், கேட்காததைத் தானாகச் சொல்லும் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை. நம் நாட்டில் தண்டனை இத்தனை வருடத்தில் தானாகத் தீர்ந்துவிடும் என்ற பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. சிறார் நீதிச் சட்டத்தில் வரும் பழைய வழக்குகளுக்கும், நன்னடத்தைச் சட்டத்தில் விடப்பட்டவர்களுக்கும் சில பாதுகாப்புகள் உண்டு. அதற்கு மேல் இல்லை. பிள்ளைகள் அங்கே ஒரு வரவேற்பு வைத்து அங்கேயே பாலிசி எடுத்தால் அந்த ஊர் விதி, இங்கே எடுத்தால் இந்த ஊர் விதி.

படி 3: காகிதங்களைச் சேருங்கள்

முடிந்த வழக்குக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதாது. நகல் மனுப் போட்டு நீதிமன்ற முத்திரையோடு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் நிலை தெரியும். ‘முடிந்துவிட்டது’ என்று நாம் நினைக்கும் வழக்கு அங்கே ‘நிலுவை’ என்று காட்டினால் அப்போதே சரிசெய்ய வேண்டும். கடனுக்கு வங்கியின் நிலுவை இல்லாச் சான்று. ஐ.பி. என்றால் தள்ளுபடி அல்லது விடுவிப்பு உத்தரவு. இவற்றை யாரும் கேட்காமலும் போகலாம். கேட்டால் ஒரு வாரத்தில் கிடைக்காது.

படி 4: யார் பெயரில் எடுப்பது

“உங்கள் பெயரில் எதற்குங்க, உங்கள் மச்சினன் பெயரில் போட்டுவிடலாம்” என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும். செய்யாதீர்கள். கல்யாணம் நின்றால் யாருக்குப் பண நஷ்டமோ அவருக்குத்தான் காப்பீட்டுக்குரிய நலன் உண்டு. மண்டபத்து ரசீது உங்கள் பெயரில், பாலிசி மச்சினன் பெயரில் என்றால், “உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று அவரைக் கேட்பார்கள். அவர் என்ன சொல்வார்?

உண்மையிலேயே மகளோ மகனோ சம்பாதித்து, மண்டபத்தையும் அலங்காரத்தையும் அவர்களே பேசிப் பணம் கட்டினால், அவர்கள் பெயரில் எடுப்பது சரியான வழி. கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். அப்போதும் கேள்வி ‘முன்மொழிபவரோ குடும்பத்தினரோ’ என்று இருந்தால் அப்பாவின் வழக்கைச் சொல்ல வேண்டும். ‘முன்மொழிபவர்’ என்று மட்டும் இருந்தால் அவரைப் பற்றிச் சொன்னால் போதும்.

2023 ஜனவரி 1 முதல் எல்லாப் புதிய பாலிசிக்கும் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) கட்டாயம். ஆதார், பான் இரண்டிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். ‘கே. பழனிச்சாமி’யும் ‘பழனிசாமி குப்புசாமி’யும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

படி 5: படிவம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியின் வினைச்சொல்லையும் பாருங்கள். ‘தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா’, ‘குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா’, ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்பவை மூன்று வேறு கேள்விகள். என் முதல் வழக்குக்கு ‘தண்டிக்கப்பட்டீர்களா’ என்று கேட்டால் இல்லை என்பதே உண்மை. ‘வழக்கு நடந்ததா’ என்று கேட்டால் ஆம். எத்தனை ஆண்டுகளுக்குள் என்று வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘கடந்த ஐந்து ஆண்டுகளில்’ என்று கேட்டிருந்தால் பத்து வருடத்துக்கு முந்தையதை நீங்களாக எழுதத் தேவையில்லை.

பலர் தடுக்கி விழும் கேள்வி வேறொன்று: “எந்தக் காப்பீட்டு நிறுவனமாவது உங்களுக்கு எந்தப் பாலிசியையாவது மறுத்ததா, ரத்து செய்ததா, சிறப்பு நிபந்தனை விதித்ததா?” லாரிக்கோ தறிக் கொட்டகைக்கோ எடுத்த பாலிசி பத்து வருடம் முன் ரத்தானது யாருக்கும் நினைவிருக்காது. அது கல்யாணப் பாலிசி இல்லையே என்றும் தோன்றும். கேள்வியில் ‘எந்தப் பாலிசியையாவது’ என்று இருக்கிறது.

பதிலைச் சுருக்கமாக, உணர்ச்சி இல்லாமல் எழுதுங்கள். நான் தனித் தாளில் எழுதியது இவ்வளவுதான்: “2011இல் தொழில் நஷ்டத்தால் என் மீது 138ஆம் பிரிவில் இரண்டு வழக்குகள் தொடரப்பட்டன. ஒன்று மக்கள் நீதிமன்றத்திலும், மற்றது மேல்முறையீட்டிலும் ராசியாகி முடிந்தன. தற்போது எந்த வழக்கும் நிலுவையில் இல்லை. உத்தரவு நகல்கள் இணைப்பு.” சாயப்பட்டறை மூடிய கதை, நம்பி ஏமாந்த கதை, கூட்டாளியின் துரோகம் எதுவும் வேண்டாம். படிப்பவருக்குத் தேவை என்ன வழக்கு, எப்போது, எப்படி முடிந்தது என்ற மூன்று மட்டும்.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலியாக விட்ட கட்டத்தைக் கேட்காமல் பிரீமியம் வாங்கிப் பாலிசி தந்த நிறுவனம், பிறகு அதையே மறைப்பு என்று சொல்ல முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில் கூறியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பெற்றவர் அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இன்னொரு விஷயம், அது காலியான கட்டத்துக்குத்தான். முகவர் ‘இல்லை’ என்று நிரப்பி நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் பொய். “எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவர் எழுதினார்” என்ற வாதம் சுலபமாக எடுபடாது. தமிழில் கையெழுத்திடுகிறவருக்கு உள்ளடக்கத்தை விளக்கிச் சொன்னதாக உறுதிமொழி ஒன்று படிவத்தின் கடைசியில் இருக்கும், அதிலும் உங்கள் கையெழுத்தை வாங்கியிருப்பார்கள்.

நிரப்பிய படிவம் முழுவதையும் கைப்பேசியில் படம் எடுங்கள். இணைப்புத் தாளின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கிளை அலுவலகத்தில் இருந்தவர் “இதையெல்லாம் யாருங்க எழுதிக் கொடுக்கிறார்கள்” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார், எனக்கு அது போதும்.

முகவர் நிறுவனத்தின் ஆள் என்பதை மறக்க வேண்டாம். உரிமம் பெற்ற காப்பீட்டுத் தரகர் வாடிக்கையாளர் சார்பில் பேசுபவர், பல நிறுவனங்களில் விசாரிப்பார். உங்கள் கடந்த காலம் சிக்கலானது என்றால் தரகரிடம் போங்கள். ஓரிடத்தில் மறுத்தால் மனம் தளர வேண்டாம். ரத்துப் பகுதி இல்லாமல் பொருள் சேதத்துக்கும் பொதுப் பொறுப்புக்கும் மட்டும் தருவீர்களா என்று கேளுங்கள். ஆனால் அந்த மறுப்பு இப்போது உங்கள் வரலாற்றில் சேர்ந்துவிட்டது. அடுத்த படிவத்தில் அதையும் எழுத வேண்டும்.

படி 6: பிரீமியம்

காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவின்படி பணம் வந்து சேர்ந்தால்தான் பாதுகாப்பு தொடங்கும். செக் கொடுத்து அது திரும்பினால் பாலிசியே இல்லை. செக்கால் பட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.ஐ. அல்லது வங்கிப் பரிமாற்றம், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து. புயல் எச்சரிக்கை வந்த பிறகோ, அப்பா மருத்துவமனையில் சேர்ந்த பிறகோ ஓடிப்போய் எடுத்தால் அந்தக் காரணத்துக்குப் பலன் இருக்காது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த வாரத்திலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

படி 7: பத்திரிகையும் பில்களும்

பல பாலிசிகளில் எந்தெந்த நிகழ்ச்சிக்குப் பாதுகாப்பு என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அச்சடிக்கும் கல்யாணப் பத்திரிகை. அதில் அச்சான நிகழ்ச்சி, நாள், இடம் மட்டும் கணக்கு. நம் கல்யாணத்தில் முக்கால்வாசி சீர்கள் (சடங்குகள்) பத்திரிகையில் வருவதே இல்லை. சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் வந்து செய்யும் இணைச்சீரும் நலங்கும் முதல் நாள் இரவே மண்டபத்தில் நடக்கும். பத்திரிகையில் ‘முகூர்த்தம் காலை 6.00 - 7.30’ என்று மட்டும் இருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் முந்தின நாள் நிகழ்ச்சிகளை நேரத்தோடு சேருங்கள். வீட்டுப் பெரியவர்கள் “சீரையெல்லாம் பத்திரிகையில் போடும் வழக்கம் உண்டா?” என்பார்கள். போடலாம்.

பில் விஷயத்தில் நாம் எல்லோரும் குற்றவாளிகள். பந்தல்காரர் விசிட்டிங் கார்டின் பின்புறம் ‘முன்பணம் 40’ என்று எழுதித் தருவார். அந்த 40, ஆயிரமா என்றுகூட இருக்காது. பெயர், தேதி, தொகை, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது, பெற்றவருக்கு அதே தொகை அபராதம். ஆகவே மண்டபத்துக்கு மூன்று லட்சம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், தேவைப்படும் நாளில் ரசீது தர மண்டபக்காரர் தயங்குவார்.

படி 8: முகூர்த்தத்துக்கு முன் வழக்கைத் தூங்கவையுங்கள்

நிலுவை வழக்கு இருந்தால், முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே வக்கீலிடம் கேளுங்கள்: வாரண்ட் ஏதாவது நிற்கிறதா? வாய்தாவுக்குப் போகாமல் விட்டிருந்தால் பிடிவாரண்ட் இருக்கலாம், அதைத் திரும்பப் பெற மனுப் போட வேண்டும். ஜாமீன் நிபந்தனையாக நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் அந்த நாள்களுக்குத் தளர்வு கேட்க வேண்டும். வாய்தா முகூர்த்த நாளில் விழுந்தால் பத்திரிகையை இணைத்து மனுக் கொடுங்கள். நீதிபதிகளும் கல்யாண வீட்டுக்காரர்கள்தான். கடன்காரர் மண்டப வாசலில் வந்து நிற்பார் என்ற பயம் இருந்தால் முன்கூட்டியே போய் ஒரு தவணையாவது கொடுத்துப் பேசிவிடுங்கள். அதற்குப் பாலிசி கிடையாது.

படி 9: இழப்பீடு கேட்பது

சேதம் நடந்தவுடன், அன்றே, போன் செய்து பதிவு எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். கல்யாணம் நடந்தாக வேண்டும், அப்புறப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், வீடியோ எடுத்துவிட்டு எடுங்கள்.

நகைத் திருட்டு என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு விசாரணை சற்று இறுகும். நிலையத்தில் மனு ஏற்பு ரசீதான சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். நிறுவனம் முதல் தகவல் அறிக்கை கேட்கும், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் கேட்கும். பழைய வழக்கைப் பற்றி விசாரணை ஆள் கேட்டால் முத்திரை குத்திய தாளை நீட்டுங்கள். இதற்காகத்தான் அது.

பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் யோசியுங்கள். கடன் நிலுவை இருக்கும் அதே வங்கியில் உள்ள கணக்கைக் கொடுத்தால், வந்த தொகையை வங்கி தன் பாக்கிக்கு நேர்செய்துகொள்ள வாய்ப்பு உண்டு. அதற்குப் பதிலாக வேறு வங்கிக் கணக்கைக் கொடுப்பதில் தவறில்லை. நீதிமன்றப் பறிமுதல் உத்தரவோ திவால் ரிசீவரோ இருந்தால் மட்டும் இந்த யோசனை செல்லாது, அங்கே முறைப்படி தெரிவிக்க வேண்டும்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை கேட்கலாம். அங்கிருந்தும் வழி இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். பொதுத்துறை நிறுவனம் என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் கோப்பின் குறிப்புகளைக் கேட்கலாம். பல நேரம் அந்த மனுவே கோப்பை நகர்த்திவிடும்.

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வைகாசி முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை நாலரை மணிக்குக் காற்று வந்தது. பெருந்துறைப் பக்கத்து மண்டபத்தின் முன்பந்தல் அப்படியே எழும்பி, வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களின் மேல் உட்கார்ந்தது. வரவேற்பு மேடையின் துணியும் சோபாக்களும் நனைந்து ஊறிப்போயின. நலங்குக்கு வந்திருந்த பெண்கள் மேடைத் துணியைப் பிழிந்துகொண்டிருக்க, நான் ஒரு கையில் குடையும் மறு கையில் கைப்பேசியுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். “மாப்பிள்ளை வீடு வரும் நேரத்தில் இவருக்குப் போட்டோ வேண்டியிருக்கிறது” என்று என் மாமியார் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மறுநாள் மதியப் பந்தியின்போது சர்வேயர் வந்தார். சாப்பிட மறுத்துவிட்டு, மண்டப அலுவலக அறையில் கோப்பைப் பிரித்தார். இரண்டாம் பக்கம், நான்காம் கேள்வி. இணைப்புத் தாளை ஒரு முறை படித்தார், உத்தரவு நகல்களைப் புரட்டினார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

“பந்தல் பில் கொடுங்கள்” என்றார். கொடுத்தேன். சோபா வாடகை, மேடை அலங்காரம், கொடுத்தேன். “பூவுக்கு?”

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் விடியற்காலை ரொக்கத்துக்கு எடுத்த மல்லிகை. பில் இல்லை. அந்தப் பணம் மட்டும் வரவில்லை.